குளியலறை மூலையின் சிவப்பு

எங்கள் ராயபுரம் வீட்டுக் குளியலறையில் கறை ஏன் விழுகிறது என்று நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டாருக்கு விளக்கினேன், வீட்டுச் சொந்தக்காரருக்கு விளக்கினேன், பெண் கொடுக்க வந்தவருக்கும் விளக்கினேன். சொன்னதெல்லாம் சரிதான். ஒரு மூலையைப் பற்றி மட்டும் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் கேட்ட இரண்டு பெண்களும் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதத் துணிவு வந்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நானும் என் அக்காவும் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர்கள். அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பவில்லை. அம்மா அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அக்காவின் புருஷன் யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர். அங்கே குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அக்கா தலையில் கூடையை ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்று என்னைப் படிக்க வைத்தாள். நான் காலேஜில் ரசாயனம் படித்தேன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைச் சாலையில் வேலை கிடைத்தது. பாய்லருக்குள் போகும் தண்ணீரைச் சோதிப்பதுதான் வேலை. தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் பாய்லரின் உள்சுவரில் கல் போலப் படிந்துவிடும். குழாய் அடைத்துக்கொள்ளும், சில சமயம் வெடிக்கும். ஆக, படிவும் கறையும்தான் எனக்குச் சோறு போட்டன.

வேலை கிடைத்ததும் குப்பத்தை விட்டு ராயபுரத்தில் ஓர் ஓட்டு வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். அந்த வீட்டில் அக்காவுக்கு மிகவும் பிடித்தது குளியலறை. குப்பத்தில் தென்னை ஓலைத் தடுப்புக்குப் பின்னால், சேலையைக் கட்டிக்கொண்டே அவசரமாக இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்வதுதான் குளியல். இங்கே சிமெண்டுத் தரை, ஒரு தொட்டி, தாழ்ப்பாள் போட்ட கதவு. கிணற்றடி அடிபம்பிலிருந்து ஓர் இரும்புக் குழாய் சுவரைத் துளைத்து வந்து தொட்டிக்குள் தண்ணீரை விடும். பக்கத்தில் வெந்நீர் போடப் பித்தளை அண்டா.

முதல் நாள் குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு சொன்னாள்: "கதவ சாத்திகினு குளிக்கிறேன்டா நைனா. ஜமீன்தாரு பொண்டாட்டி கூட இப்டி குளிச்சிருக்க மாட்டா. வெளிய வரவே மன்சு இல்ல."

சில மாதங்களில் கறை விழ ஆரம்பித்தது. குழாய் வாய்க்குக் கீழே செம்பழுப்பாக ஒரு கோடு. அண்டாவைச் சுற்றிப் பச்சை வளையம். தொட்டி விளிம்பில் சொரசொரப்பாக வெள்ளை. கதவுக்குப் பின்னால் கறுப்பு. அக்கா புளியைக் கரைத்து ஊற்றினாள், செங்கல் தூளைப் போட்டுத் தென்னை மட்டையால் தேய்த்தாள்.

"இன்னாடா இது, தேய்க்கத் தேய்க்க வந்துகினே கீது? ஊட்டுக்காரன் பாத்தா நம்மள கலீஜு புடிச்ச ஜென்மம்னு சொல்லுவான். குப்பத்துலேர்ந்து வந்தவங்கதானேன்னு."

நான் அவளை உட்கார வைத்து விளக்கினேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் மண்ணுக்குள்ளிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது, கரைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் காய்ந்ததும் சுண்ணாம்பு தங்கிவிடும். அதற்குச் சொந்த நிறம் வெள்ளைதான். ஆனால் அது முழுக்க நுண்ணிய ஓட்டைகள். மேலே எது ஓடினாலும் அதன் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புக் குழாய்த் தண்ணீர் ஓடினால் சிவப்பு, பித்தளை ஓரத்தில் பச்சை, சோப்பும் அழுக்கும் சேர்ந்தால் சாம்பல், ஈரம் காயாத இடத்தில் பாசி பிடித்துக் கறுப்பு. "நீ புளி ஊத்தினா கறை போவும், கூடவே சிமெண்டும் அரிச்சிடும். தரை இன்னும் சொரசொரப்பாயிடும். அடுத்த தபா கறை இன்னும் கெட்டியா புடிக்கும்."

அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் கலீஜு இல்ல, தண்ணிதான் கலீஜுன்றே."

"ஆமா."

"இத்த சொல்றதுக்கா உன்ன அத்தினி வருசம் படிக்க வெச்சேன்?" என்று சிரித்தாள். ஆனால் மறுநாளிலிருந்து தெருவில் யார் வந்தாலும் அவர்களைக் குளியலறைக்கு இழுத்துப் போய், "இது இரும்பு, இது பித்தள, இது சுண்ணாம்பு. என் தம்பி சொன்னான்" என்று ஒவ்வொரு கறையாகக் காட்டுவாள்.

அந்த வீட்டுக்கு வந்ததும் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அவள் மீன் விற்பதை நிறுத்தச் சொன்னேன். பரிசோதனைச் சாலையில் வேலை செய்கிறவனின் அக்கா கூடை தூக்குவது எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்புக்காகச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். அவள் கூடையைக் குப்பத்துப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் நாள் முழுதும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். இளைத்தாள். இருமினாள். கேட்டால், "கடல் காத்து இல்லாம தொண்ட காஞ்சு பூட்ச்சு" என்பாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

எனக்குப் பெண் பார்த்தாள். எங்கள் ஜாதிதான், ஆனால் கடலுக்குப் போவதை விட்டுத் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போய்விட்ட குடும்பம். பெண் பத்தாவது வரை படித்தவள். அவளை நான் ஒரு திருவிழாவில் பார்த்திருந்தேன். வேறு யாரையும் கட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. மூத்த மகளைக் கொடுத்த வீட்டில் மாமியாருக்குச் சயரோகம் இருந்ததை மறைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் தொற்றி, ரத்தம் கக்கிச் செத்துப் போனாள். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இருமலைப் பற்றித்தான் விசாரிப்பார் என்று தரகர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அது ஐப்பசி. புயல் மழை விடாமல் அடித்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருந்தார்கள். கட்டுமரங்களெல்லாம் மணல்மேட்டில் இழுத்துப் போடப்பட்டு, ஒன்றுகூடக் கடலில் இறங்கவில்லை. காசிமேட்டுப் பக்கம் மீன் நாற்றமே இல்லை. அந்த வாரம் வீட்டில் கருவாடுதான்.

காலையில் குளிக்கப் போனேன். குழாய்க்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் வெளியேறும் ஜலதாரை ஓட்டையை ஒட்டிய மூலையில், வெள்ளைப் படிவின் மேல் சிவப்பு தெரிந்தது. அங்கே குழாய்த் தண்ணீர் தெறிக்காது. எந்தத் தண்ணீர் எங்கே எப்படி ஓடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். மேலே இருந்த சிவப்பு இளகி, நூல் நூலாகப் பிரிந்து ஓட்டைக்குள் போயிற்று. இரும்புக் கறை பச்சைத் தண்ணீருக்கு அசையாது. புளியோ எலுமிச்சையோ வேண்டும்.

வெளியே வந்து கேட்டேன். "அக்கா, அந்த மூலையில இன்னா?"

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மீனு கழுவுனேன்டா."

எங்களைப் போன்றவர்களிடம் அந்த வாரத்தில் யாரும் சொல்லிவிட முடியாத பொய் அது. மரம் இறங்காத நாளில் மீன் ஏது? ராயபுரத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். முப்பது வயதுவரை மீன் விற்றவளுக்குத் தெரியாதா? அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். சொன்னதும் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முறத்தில் கை நின்றுவிட்டது.

நான், "சரி" என்றேன்.

அன்று அவள் கிணற்றடிக்குப் போன சமயம் பேனாக்கத்தியால் அந்த மூலையிலிருந்து ஒரு சில்லைச் சுரண்டினேன். காகிதத்தில் மடித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு திரவம் உண்டு. ரத்தத்தின் மேல் ஒரு சொட்டு விட்டால் நுரை பொங்கும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது சில்லைக் கண்ணாடித் தட்டில் வைத்துச் சொட்டு விட்டேன். பொங்கியது. வெள்ளை நுரை சில்லையே மூடிக்கொண்டது. துரு கூட லேசாகக் குமிழி விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் துரு எப்படிக் குமிழி விடும் என்பதை நான் பலமுறை பார்த்தவன். இது அப்படி இல்லை. தட்டைக் கழுவி வைத்தேன். கை நடுங்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துவது அந்த நடுங்காத கைதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்.

"இன்னாடா, மூஞ்சி சுண்டிப்போய் கீது? ஆபீசுல எவன்னா பேஜாரு பண்ணானா?" என்றாள் அக்கா.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "அக்கா, அந்த மூலையில கீறதும் இரும்புதான். தொட்டி நிறைஞ்சு வழியுதில்ல, அந்தத் தண்ணி அங்க போய்த் தேங்குது. அதான்."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஆங், அப்படியா? நீ சொன்னா சரி. இரும்புதான்" என்றாள். சிரித்தாள்கூட.

அந்தச் சிரிப்பை அன்று நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் அவளைச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன். தை பிறந்து கல்யாணம் முடியட்டும், மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்தேன். அந்த நோய்க்குப் புதிதாக ஊசி வந்திருக்கிறது, ஆரம்பத்திலேயே போட்டால் பிழைக்கலாம் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். ஆரம்பத்திலேயே என்ற வார்த்தையைப் படித்தது நன்றாக நினைவிருக்கிறது. தைக்கு என்ன, இதோ வந்துவிடும் என்று இருந்தேன்.

பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். மழைச் சேற்றில் நடந்து வந்திருந்தார். கால் கழுவக் குளியலறைக்குள் போனவர் வெளியே வரத் தாமதமாயிற்று. வந்து உட்கார்ந்து துண்டால் காலைத் துடைத்தபடி கேட்டார்.

"இன்னா தம்பி, உள்ள ஒரே செவப்பா கீதே?"

சமையற்கட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பார்ப்பவர்களுக்கு அது கூச்சம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

நான் அவரைத் திரும்பக் குளியலறைக்கு அழைத்துப் போனேன். குழாய்க் கோட்டைக் காட்டினேன், அண்டா வளையத்தைக் காட்டினேன். சுண்ணாம்பு, ஓட்டைகள், இரும்பு, பித்தளை எல்லாம் சொன்னேன். கடைசியில் அந்த மூலையையும் காட்டி, "இதுவும் அதே இரும்புதாங்க" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. அவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

"அடேங்கப்பா! எங்க வூட்லயும் இப்டிதான் கீது. எம் பொஞ்சாதிய திட்டிகினே இருப்பேன், நல்லா தேய்க்க மாட்டேன்றன்னு. பாவம், அவமேல தப்பில்ல போல" என்று சிரித்தார். திரும்பிக் கூடத்துக்கு வந்ததும் முகம் மாறியது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காதே. வூட்ல யாருக்கும் இருமல் கிருமல் இல்லியே?"

"எனக்குத் தொண்டையில முள்ளு மாட்னாதாண்ணே இருமல் வரும்" என்றாள் அக்கா. "மீன்காரி தொண்டையில முள்ளு மாட்டுமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்து, அவர் சம்மதமாக வைத்துவிட்டுப் போன வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அக்கா பந்தலில் அதிகம் தென்படவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மறுவீட்டு விருந்து முடியட்டும் என்றிருந்தேன். அது முடிந்ததும் வேறு ஏதோ ஒரு காரணம்.

என் மனைவி வந்த சில வாரங்களில் ஒரு காலையில் குளியலறையைக் கழுவப் போனாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு வந்து முன்னால் நின்றாள்.

"அந்த மூலையில கீறது இரும்பு இல்லீங்க."

"இன்னா சொல்றே?"

"எங்க அக்கா வூட்ல இத்த பாத்துகீறேன். பச்சத் தண்ணியில போவுது. அண்ணிக்கு எத்தினி நாளா இப்டி கீது?"

நான் சட்டைப் பொத்தானைப் போட்டேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, "அண்ணி, சேலைய மாத்துங்க, போலாம்" என்றாள். அக்கா மறுத்தாள். "போம்மா, நீ வேற, கல்யாணமாகி வந்த பொண்ணு என்கூட ரிக்சாவுல ஒட்டிகினு வருவியா?" என்று விலகி விலகி நின்றாள். என் மனைவி விடவில்லை.

டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் அரித்திருந்தது. "மழைக்காலத்துலயே கூட்டிட்டு வந்திருந்தா நிச்சயமா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்று என்னிடம்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி என்னைக் கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். "இரும்புன்னுதான் நினைச்சேன்."

அவள் என்னை நம்பினாள். தன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றே வந்து அழைத்துக்கொண்டு போயிருப்பார். அவளுக்கு அந்த நோய் தொற்றவில்லை. அது அவளுடைய அதிர்ஷ்டம். நான் செய்த எதனாலும் அல்ல.

அக்காவை ஊருக்குத் தெற்கே, மரங்கள் அடர்ந்த ஒரு சயரோக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் போய்ப் பார்ப்போம். ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் தெளிந்தாள், பக்கத்துக் கட்டில்காரிகளிடம் வஞ்சிரம், மாவுலாசி மீன்களை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பாடம் நடத்தினாள். பிறகு மறுபடி விழுந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கஞ்சி வாங்கி வரப் போயிருந்தாள். அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குரல் தேய்ந்து போயிருந்தது.

"மூலையில சொரண்டினது நீதானே?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"கத்தி தடம் இருந்துச்சுடா. நான் பாக்க மாட்டேனா? தெனிக்கும் அத்ததானே கழுவிகினு கெடந்தேன்."

"அக்கா..."

"நீ சொரண்டிகினு போனே. சாய்ங்காலம் வந்து இரும்புன்னு சொன்னே. சரி, புள்ள முடிவு பண்ணிட்டான், நானும் அப்டியே இருந்துக்கலாம்னு இருந்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "உடு. நான் மட்டும் இன்னா, மீனுன்னு டபாய்க்கலியா? அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதே. நல்ல பொண்ணு. தாங்காது."

என் மனைவி கஞ்சியோடு வந்தாள். அக்கா உடனே அவளைப் பார்த்துச் சொன்னாள்: "உன் புருஷன் அழுதுகினு கீறான் பாரும்மா. இரும்புன்னு நம்பிட்டானாம். படிச்சவன் இல்ல? புஸ்தகத்துல இருமல் போடல போல."

என் மனைவி கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தொட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் அக்கா இறந்தாள்.

என் மனைவியோடு நான் நீண்ட காலம் வாழ்ந்தேன். அவள் அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்வாள், பேரப்பிள்ளைகளிடமும் சொன்னாள். "உங்க தாத்தாவுக்குப் பாவம் ஒண்ணும் தெரியாது. எதப் பாத்தாலும் இரும்பு, சுண்ணாம்புன்னு நம்பிடுவாரு. அவ்ளோ வெள்ளந்தி" என்பாள். ஒவ்வொரு முறையும் அந்த அறையில்தான் நானும் இருந்தேன். ஒருமுறையும் திருத்தவில்லை. சொல்லாதே என்று அக்கா கேட்டாள் என்பதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன். அக்கா அதை என் மனைவிக்காகக் கேட்டாள். நான் அதை எனக்காக வைத்துக்கொண்டேன். போன வருடம் அவளும் போய்விட்டாள், நான் வெள்ளந்தி என்று நம்பிக்கொண்டே.

அக்கா போன பிறகும் ராயபுரம் வீட்டில் சில வருடங்கள் இருந்தோம். அந்த மூலையை என் மனைவி சோப்பும் வெந்நீருமாகத் தேய்த்துக் கழுவிவிட்டாள். நான் சுரண்டிய இடம் மட்டும் சிறு பள்ளமாக இருந்தது. குளிக்கும்போதெல்லாம் அங்கே கண் போகும். நாளாக ஆக, தொட்டி வழிந்த தண்ணீர் மெல்ல மெல்ல அங்கேயும் வந்து தேங்க ஆரம்பித்தது. பள்ளத்தில் வெள்ளை படிந்தது. பிறகு அந்த வெள்ளை சிவந்தது. ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அசையவில்லை. அது இரும்புதான்.